டாக்டர் ஸ்டாக்மானும் ஒரு பாட்டில் தண்ணீரும்

இப்ஸனின் 'மக்களின் விரோதி' நாடகத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு இருபது வயது. படித்து முடித்த இரவு தூக்கம் வரவில்லை. ஊர் முழுவதும் ஒரு பக்கம் நிற்க, தான் கண்ட உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் தனியாக நிற்கிற மனிதன். இருபது வயதுக்கு வேறு என்ன வேண்டும்? நானும் ஒரு நாள் அப்படி நிற்பேன், என் வீட்டு ஜன்னல் கண்ணாடியிலும் கல் விழும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சென்ற மாதம் அதை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இருபதில் படித்ததும் நாற்பத்தைந்தில் படித்ததும் ஒரே புஸ்தகம் அல்ல. நாடகம் முன்னைவிடச் சிறந்ததாக இருக்கிறது. அதன் கதாநாயகர் முன்னைவிடச் சிறியவராக இருக்கிறார். இந்த இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் நடந்தன என்று சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நார்வேயின் தென் கரையில் ஒரு சின்னப் பட்டணம். அங்கே புதிதாகக் கட்டிய ஸ்நான விடுதிகளுக்கு வெளியூர்களிலிருந்து நோயாளிகள் வந்து குளித்து, நீரைக் குடித்து, பணத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊர் செழிக்க ஆரம்பித்திருக்கிறது. விடுதியின் வைத்திய அதிகாரி டாக்டர் ஸ்டாக்மான். அவருடைய தமையன் பீட்டர்தான் ஊர் மேயர்; விடுதிக் கமிட்டிக்கும் அவரே தலைவர். குடல் நோயும் விஷ ஜுரமும் போன பருவத்தில் வந்தவர்களிடையே கண்டதை வைத்து டாக்டர் சந்தேகப்படுகிறார். நீரைச் சர்வகலாசாலைக்கு அனுப்பிப் பரிசோதிக்கிறார். மேட்டிலிருக்கிற தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு குழாய்க்குள் இறங்குகிறது என்று பதில் வருகிறது. குழாய்களைப் பிடுங்கி மறுபடி போட வேண்டும். ஊர் முதலில் அவரைத் தலைக்குமேல் தூக்கிக் கொண்டாடுகிறது. பிறகு காலடியில் போட்டு மிதிக்கிறது. இவ்வளவுதான் கதை. 1882-ல் புஸ்தகமாக வந்தது, 1883 ஜனவரியில் மேடை ஏறியது.

அதற்கு முந்திய வருஷம் 'ஆவிகள்' நாடகத்துக்காக இப்ஸன் வசவு வாங்கியிருந்தார் என்பதும், அந்தக் கோபம்தான் இந்த நாடகம் என்பதும் எல்லா விமர்சகர்களும் எழுதுகிற விஷயம். உண்மைதான். ஆனால் வெறும் கோபத்தில் எழுதுகிறவனுக்கு இத்தனை நுட்பம் வராது. இப்ஸன் சிறு வயதில் கிரிம்ஸ்டாட் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பழகியவர். சின்ன ஊர் எப்படி மூச்சு விடுகிறது, யாருக்கு யார் கடன், எந்த வீட்டில் எந்த வேளை என்ன சமையல் என்பதெல்லாம் மருந்துக் கடைப் பையனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

முதல் அங்கத்தைப் பாருங்கள். டாக்டர் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வறுத்த மாட்டிறைச்சி. பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். விளக்குக்குப் புது மூடி வாங்கியிருக்கிறார்கள். மேயர் வருகிறார், ராத்திரியில் சூடான இறைச்சியா என்று முகம் சுளிக்கிறார். அவருக்கு வயிறு சரியில்லை. டீயும் ரொட்டியும் போதும். நெடுநாள் வறுமையில் கிடந்துவிட்டு இப்போதுதான் கையில் நாலு காசு பார்க்கிற தம்பி, செலவு என்றாலே வயிறு கலங்குகிற அண்ணன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுமுன்பே நாடகம் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது அங்கத்தில் மேயர் கணக்குச் சொல்கிறார். குழாய்களை மாற்ற லட்சக்கணக்கான குரோனர் ஆகும். குறைந்தது இரண்டு வருஷம் பிடிக்கும். அதற்குள் அக்கம்பக்கத்து ஊர்கள் நம் நோயாளிகளைக் கொண்டு போய்விடும். மேயரை வில்லனாக நடிக்கிற நடிகர்கள் இந்த இடத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை. சொல்கிற கணக்கு சரியான கணக்கு. அவருடைய பேரேட்டில் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பதுதான் கோளாறு. செலவுப் பக்கத்தில் குழாய் இருக்கிறது. நோயாளியின் குடல் எந்தப் பக்கத்திலும் இல்லை. எந்த ஊர் சர்க்கார் கஜானாவிலும் உட்கார்ந்திருக்கிற மனிதர் இவர். சிக்கனம் என்ற சொல்லை இவர் உச்சரிக்கும்போது நமக்கும் மரியாதை உண்டாகிறது.

மூன்றாவது அங்கம்தான் எனக்கு இப்போது மிகவும் பிடிக்கிறது. பத்திரிகை ஆபீஸ். டாக்டரின் கட்டுரை அச்சுக்கோக்கத் தயாராக இருக்கிறது. ஆசிரியர் ஹாவ்ஸ்டாட் புரட்சி பேசுகிறார். அச்சக முதலாளி அஸ்லாக்ஸன், வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத் தலைவர், நிதானமே உருவானவர், டாக்டர் பக்கம் நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்போது மேயர் வருகிறார். குழாய் மாற்றும் செலவை விடுதியின் பங்குதாரர்கள் தரப்போவதில்லை, நகரசபை கடன் வாங்கி ஊரார்தான் கட்டவேண்டும் என்று ஒரே ஒரு தகவலைச் சொல்கிறார். அவ்வளவுதான்! அஸ்லாக்ஸனுடைய நிதானம் அந்தக் கணமே மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. தண்ணீர் அசுத்தம்தானா என்ற சந்தேகம் எல்லோருக்கும் அதற்குப் பிறகுதான் வருகிறது. விலை தெரிந்த பிறகு விஞ்ஞானத்தில் சந்தேகம் வருவது! இதை இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

டாக்டர் இதே அறையில், தனக்கு மரியாதையாக ஊரார் ஊர்வலம், விருந்து என்று ஏதாவது ஏற்பாடு செய்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள் என்று அடக்கமாகச் சொல்லியிருக்கிறார். அடக்கம்தான். ஆனால் ஊர்வலத்தை அவர் மனத்துக்குள் முழுக்க நடத்திப் பார்த்துவிட்டார் என்பது நமக்குத் தெரிகிறது. இதை ஹாஸ்ய நாடகம் என்று சொல்வதா வேண்டாமா என்று இப்ஸனுக்கே சந்தேகம் இருந்தது. தம் பிரசுரகர்த்தருக்கு அப்படி எழுதியிருக்கிறார். இருபது வயதில் நான் இந்தச் சிரிப்பைக் கவனிக்கவேயில்லை.

நாலாவது அங்கத்துக்கு வருவோம். எல்லோரும் புகழ்கிற அங்கம் இது. என் வழக்கும் இதன்மேல்தான். காப்டன் ஹார்ஸ்டரின் வீட்டில் பொதுக்கூட்டம். டாக்டர் தம் அறிக்கையைப் படிக்கக் கூடாது என்று மேயர் பிரேரணை கொண்டுவருகிறார்; அஸ்லாக்ஸன் ஆமோதிக்கிறார். அதுவரை சரி. அப்படித்தான் செய்வார்கள். ஆனால் டாக்டர் அடுத்தபடி செய்வது என்ன? தண்ணீரை விட்டுவிடுகிறேன், அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று செய்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, பெரும்பான்மை என்பதே எப்போதும் தப்பு, அறிவு சிலருக்குத்தான் வாய்க்கும், சாதாரண ஜனங்கள் நாட்டு நாய், உயர்ந்த சிலர் ஜாதி நாய் என்று பேசிக்கொண்டே போகிறார். ஊர் அவரை மக்களின் விரோதி என்று தீர்மானம் போடுகிறது. எதிர் வோட்டுப் போடுகிறவன் ஒருவன்தான், அவனும் குடித்திருக்கிறான்.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு தச்சனையோ மீன்காரனையோ நினைத்துப் பாருங்கள். அவன் தண்ணீரைப் பற்றிக் கேட்க வந்தவன். அவனுக்குக் கிடைத்தது அவன் எந்த ஜாதி நாய் என்கிற தகவல். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரியாதது எப்படி ஆளைக் கொல்லும் என்று டாக்டர் அந்த ஊரில் ஒருவனுக்காவது சொன்னாரா? மனைவிக்கும் மகளுக்கும் சொன்னார், பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்னார். ஊருக்குச் சொல்லவில்லை. குளிர்காலம் முழுவதும் இரகசியமாக ஆராய்ந்தார், இரகசியமாகச் சர்வகலாசாலைக்கு எழுதினார், வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளினார். நாடகம் முழுவதும் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து யாரும் யாருக்கும் காட்டுவதில்லை.

1882-ல் அது எப்படி முடியும் என்று கேட்கலாம். அந்த வருஷம் மார்ச்சில்தான் கோக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டு சொன்னார். காலராக் கிருமியை அவர் இனம் கண்டது அதற்கும் பிறகுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு இருபத்தெட்டு வருஷம் முன்பே, 1854-ல், லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் ஒரு தெருக் குழாயைக் காலராவுக்குக் காரணமாகக் காட்டியிருந்தார். அவர் கையிலும் கிருமி இல்லை. எந்தெந்த வீட்டில் சாவு, அந்த வீட்டார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்த கணக்குத்தான் இருந்தது. அந்தப் பேட்டையின் பாதிரியார் ஒயிட்ஹெட் அவரை முதலில் நம்பவில்லை. தப்பு என்று நிரூபிக்கத் தாமே வீடு வீடாகப் போனார். போன பிறகு நம்பினார். மனிதனுக்கு மனிதன் உண்மை இப்படித்தான் கை மாறுகிறது. டாக்டர் ஸ்டாக்மானிடம் இந்தப் பொறுமை இல்லை. நம்பாதவன் முட்டாள், முட்டாளுக்கு விளக்கிப் பிரயோஜனம் இல்லை என்பது அவர் கட்சி.

நூற்று முப்பத்திரண்டு வருஷம் கழித்து இதே நாடகம் ஒரு நிஜ ஊரில் நடந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தில் ப்ளின்ட் என்ற நகரம். சுமார் ஒரு லட்சம் பேர். பாதிக்கு மேல் கறுப்பர்கள். மோட்டார்த் தொழில் கைவிட்டுப் போன ஊர். நகரசபைக் கஜானா காலி என்று ராஜ்ய சர்க்கார் அங்கே ஓர் அவசர நிர்வாகியை நியமித்தது. மேயரும் நகரசபையும் பெயருக்குத்தான், கையெழுத்து அவருடையது. இப்படி நியமிக்கிற சட்டத்தை மிச்சிகன் வாக்காளர்கள் 2012 நவம்பரில் வோட்டுப் போட்டுத் தள்ளினார்கள். அடுத்த மாதமே சட்டசபை வேறு எண்ணில் அதே மாதிரி சட்டம் ஒன்றை நிறைவேற்றிக்கொண்டது.

2014 ஏப்ரலில், டெட்ராய்ட் நகரத்திலிருந்து வாங்கிக்கொண்டிருந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஊர் நடுவே ஓடுகிற ப்ளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். இரண்டு வருஷத்தில் சுமார் 50 லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்கு. மேயர் பீட்டர் ஸ்டாக்மான் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இங்கே விஞ்ஞானத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஷம் ஆற்றில் இல்லை; குழாயில் இருந்தது. பழைய வீடுகளுக்குப் போகிற குழாய்கள் ஈயக் குழாய்கள். டெட்ராய்ட் தண்ணீரில் பாஸ்பேட் என்ற ஓர் உப்பைச் சேர்த்துவந்தார்கள். அது வருஷக்கணக்கில் குழாயின் உள்புறத்தில் ஒரு மேல்தோலாகப் படிந்து, தண்ணீர் ஈயத்தைத் தொடாமல் காத்துவந்தது. பழகின தோசைக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்று நீரில் அரிக்கிற குணம் அதிகம். அதில் அந்த உப்பையும் சேர்க்காமல் விட்டார்கள். தோல் கழன்றது. ஈயம் தண்ணீரில் இறங்கியது. அந்த உப்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 டாலர்தான் ஆகியிருக்கும் என்று பின்னால் சொன்னார்கள்.

ஆகவே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும்போது தண்ணீரைச் சோதித்துப் பார்த்து ஈயம் இல்லை என்று அதிகாரி சொன்னால், அது பொய் அல்ல. வீட்டுக் குழாயில் பிடித்து, இது விஷம் என்று ஒரு தாய் சொன்னால் அதுவும் பொய் அல்ல. இரண்டுக்கும் நடுவே பூமிக்கடியில் சில மைல் குழாய் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள இரசாயனப் பட்டம் வேண்டாம். யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணீரால் எஞ்சின் பாகங்கள் அரிக்கின்றன என்று தன் தொழிற்சாலைக்கு அதை வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது. இரும்புக்கு ஒவ்வாத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஒரு வருஷம் குடித்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான்: ப்ளின்ட்டில் பெரும்பான்மை தப்பு செய்யவில்லை. ஜனங்கள் முதல் நாளிலிருந்தே சொன்னார்கள். பழுப்புத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்கு வந்து ஆட்டிக் காட்டினார்கள். 2015 மார்ச்சில் நகரசபை 7-க்கு 1 என்ற கணக்கில் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அவசர நிர்வாகி அதை ஒதுக்கித் தள்ளினார். டாக்டர் ஸ்டாக்மானின் தத்துவப்படி ஊர் ஒன்று சேர்ந்து சொன்னால் அது தப்பாக இருக்க வேண்டும். இங்கே ஊர் ஒன்று சேர்ந்து சொன்னது சரி. தனியாக நின்றவர் கணக்குப் புஸ்தகத்தோடு நின்றவர். நாடகத்தின் நாலாவது அங்கத்தை இதற்கு மேல் ஒருவர் மறுக்க முடியாது.

லீஆன் வால்ட்டர்ஸ் என்ற நாலு குழந்தைகளின் தாய் வீட்டில் 2015 பிப்ரவரியில் தண்ணீரைச் சோதித்தார்கள். நூறு கோடிப் பங்குக்கு 15 பங்கு ஈயம் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. அங்கே 104 இருந்தது. அடுத்த மாதம் 397. அந்த அம்மாள் டாக்டர் அல்ல, சர்வகலாசாலைக்காரர் அல்ல. ஊரில் கிடைத்த தொழில்நுட்பக் காகிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார். அரிப்புத் தடுப்பு உப்பு சேர்க்கப்படவில்லை என்பதைக் கண்டுகொண்டவர்களில் அவர் முக்கியமானவர். மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகாவில் மிகேல் டெல் டோரல் என்ற நிபுணர் இருந்தார், அவரிடம் முறையிட்டார். அவர் நேரில் வந்து பார்த்தார். 2015 ஜூனில் நிலைமை இன்னது என்று எழுத்தில் ஒரு குறிப்புக் கொடுத்தார்.

இந்தக் குறிப்பு வெளியே வந்த பிறகு நடந்ததை இப்ஸன் கண் மூடிக்கொண்டு எழுதியிருப்பார். ராஜ்ய இலாகாவின் பிரதிநிதி, குறிப்பு எழுதியவரைக் கட்டுக்கடங்காத ஊழியர் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்; ஈயத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். டெல் டோரலுடைய மேலதிகாரி, குறிப்பு வெளியாகிவிட்டதற்காக ப்ளின்ட் மேயரிடம் வருத்தம் தெரிவித்தார். ஈயத்துக்காக அல்ல, குறிப்புக்காக! அதே கோடையில் சர்க்கார் எடுத்த 71 மாதிரிகளில் இரண்டைக் கழித்தார்கள். கழித்ததும் ஊர்க் கணக்கு விதிக்குள் வந்து நின்றது. கழித்ததில் ஒன்று வால்ட்டர்ஸ் வீட்டுத் தண்ணீர். மாதிரி பிடிப்பதற்கு முந்தின இரவு குழாயைச் சில நிமிஷம் திறந்து ஓடவிடும்படியும் சொல்லியிருந்தார்கள். ஓடவிட்டால் குழாயில் தங்கி ஈயம் ஏறிய தண்ணீர் போய்விடும். பரீட்சைக்கு முந்தின இரவு வினாத்தாளைக் கழுவிவிடுகிற மாதிரி.

ஆனால் இப்ஸன் எழுதியிருக்க மாட்டாத ஒன்றும் நடந்தது. வர்ஜீனியாவிலிருந்து மார்க் எட்வர்ட்ஸ் என்ற பேராசிரியர் 300 வீடுகளுக்கு மாதிரி எடுக்கிற பாட்டில்களை அனுப்பினார். ப்ளின்ட் ஜனங்கள் தாங்களே வீடு வீடாகக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, 250-க்கு மேல் திரும்ப அனுப்பினார்கள். இதைச் செய்தவர்கள் நாட்டு நாய்கள்தாம்! வால்ட்டர்ஸ் வீட்டு மாதிரிகளில் ஒன்றில் ஈயம் 13,200. அப்புறம், 2015 செப்டம்பரில், அந்த ஊர்க் குழந்தை வைத்தியர் மோனா ஹன்னா-அத்தீஷா தம் ஆஸ்பத்திரிக் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். இரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகள் நூற்றுக்கு 2.4-லிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். சர்க்கார் முதலில் அவருடைய கணக்குத் தப்பு என்றது. ஒரு வாரத்துக்குள் ஒப்புக்கொண்டது. அக்டோபர் 16-ல் பழைய தண்ணீர் வந்தது. அதற்குள் ஈயம் போன இடம் போய்விட்டது. அதே தண்ணீரோடு சம்பந்தப்பட்ட நிமோனியாவில் குறைந்தது 12 பேர் செத்திருந்தார்கள். 50 லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போன கணக்கு, 2021-ல் கோர்ட்டு அங்கீகரித்த நஷ்ட ஈட்டில் 62 கோடி 60 லட்சம் டாலராக முடிந்தது.

மோனா என்ற டாக்டர் ஸ்டாக்மானைப் போலத் தனியாக நிற்கவில்லை. அவர் பேசுமுன்பே ஊர் பாட்டில்களை நிரப்பிக் காத்திருந்தது. அந்தப் பெண்மணிக்குத் தைரியம் குறைவு என்று சொல்லவில்லை. சொன்ன தினத்தில் உடம்பு நடுங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவருக்கு யாரையும் நாய் என்று திட்டவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இதை எழுதிக்கொண்டு வரும்போது எனக்கு ஓர் உறுத்தல். சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் தண்ணீர்ப் பரிசோதனை செய்கிற ஓர் உத்தியோகஸ்தர் இருந்தார். மெலிந்த மனுஷன், சைக்கிளில் வருவார். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

"சார், நீங்க எழுதறவங்க. நாலு பேர் படிக்கிற மாதிரி இதை எழுதுங்க. மேலே மூணு தடவை அனுப்பிட்டேன். இந்த வருஷம் பணம் ஒதுக்கலைங்கறாங்க."

காகிதத்தில் இங்கிலீஷில் நாலைந்து பத்தி எண்கள். எந்த எண் பெரிது, எது சிறிது, எவ்வளவு இருந்தால் கெடுதல் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. "பார்க்கலாம் சார்" என்று சொல்லி மேஜை டிராயரில் வைத்தேன். இரண்டு மாதத்தில் அவரை எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். டீக்கடையில், "அவருக்கும் குழாய்க் கான்ட்ராக்டருக்கும் ஏதோ தகராறாம்ணே, அதான் கிளப்பி விட்டுட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள். இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். அப்போது என் அலமாரியில் இப்ஸன் முழுத் தொகுதி இருந்தது.

ஐந்தாவது அங்கத்தில் இதே டீக்கடைப் பேச்சு வருகிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். டாக்டரின் மாமனார் கீல், ஊரார் பயத்தில் விற்கிற விடுதிப் பங்குகளைச் சல்லிசாக வாங்கிக் குவிக்கிறார். உடனே பத்திரிகைக்காரர்கள் ஓடி வருகிறார்கள்: ஓஹோ, இதற்காகத்தானா தண்ணீர் கெட்டது என்றீர்கள், முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, நம் பத்திரிகை உங்களுக்குத்தான்! உண்மைக்காக ஒருவன் பேசினான் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. லாபத்துக்காகப் பேசினான் என்றதும் மரியாதை வந்துவிடுகிறது. மேலேயுள்ள தப்பைச் சொல்கிறவனுக்கு நாம் முதலில் தேடுவது அவனுடைய உள்நோக்கத்தை. அவனுடைய காகிதத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தேடுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

அதே அங்கத்தில் டாக்டர் வேலை போகிறது. பள்ளிக்கூட உபாத்தியாயினியான மகள் பெட்ராவின் வேலை போகிறது. கூட்டத்துக்கு வீடு கொடுத்த ஹார்ஸ்டரின் கப்பல் போகிறது. வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்கிறான். வேலையிலிருந்து நீக்குகிறவர்கள் யாருக்கும் டாக்டர் வீட்டார்மேல் கோபம் இல்லை. எனக்கு இஷ்டமில்லை, மற்றவர்களுக்குப் பயந்து செய்கிறேன் என்கிறார்கள். இதற்கு மேல் உண்மையாக எழுத முடியாது. மேயர் ஒரு வழியும் காட்டுகிறார்: ஆறு மாதம் வெளியூர் போயிருந்துவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடு, வேலை திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கும். நம் ஆபீஸ்களில் எத்தனை பேர் அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்! அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தனியாக நில் என்று உபதேசிப்பது நாடகம் பார்க்கிறவனுக்குச் சுலபம். அந்தச் சைக்கிள்காரருக்கு நான் ஹீரோப் பட்டம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் கேட்டது பட்டம் அல்ல. அவர் வேலை அவரிடம் இருக்க வேண்டும், அந்தக் காகிதத்தை நான் படிக்க வேண்டும்.

பின்னால் வந்தவர்களுக்கு டாக்டரின் நாலாவது அங்கத்துப் பேச்சு உறுத்தத்தான் செய்திருக்கிறது. ஆர்தர் மில்லர் 1950-ல் நியூயார்க்கில் இதைத் திருத்தி மேடையேற்றியபோது அந்த ஜாதி நாய் விவகாரத்தை வெட்டிவிட்டார். ஹிட்லருக்குப் பிறகு அதை அப்படியே வைக்க முடியாதுதான். ஆனால் வெட்டியதால் டாக்டர் மாசில்லாத உத்தமராகிவிட்டார். உத்தமரைப் பற்றி நாடகம் எழுத என்ன இருக்கிறது? 36 தடவைதான் ஓடியது.

சத்யஜித் ரே 1989-ல் இதை 'கணசத்ரு' என்று வங்காளியில் படமாக்கினார். மாரடைப்புக்குப் பிறகு வெகுநாள் படம் எடுக்காமலிருந்து, ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்த படம். நாடகம் மாதிரி இருக்கிறது என்று பலர் குறை சொன்னார்கள். இருக்கிறதுதான். ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறார். ஸ்நான விடுதியை எடுத்துவிட்டுக் கோயில் தீர்த்தத்தை வைத்தார். கங்கை ஜலமும் துளசியும் சேர்ந்த தீர்த்தத்தில் கிருமி எப்படி இருக்கும் என்று கோயில்காரர் கேட்கிறார். இந்தக் கேள்வியை நாயென்று திட்டி விரட்ட முடியாது. கேட்கிறவனுக்குப் பாட்டி சொன்னது, கோடிப் பேர் நம்புவது. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஸௌமித்ர சட்டர்ஜி நடித்த டாக்டர், இப்ஸனுடைய டாக்டரைவிட மெதுவாகப் பேசுகிறார். படத்தின் முடிவில் வெளியே இளைஞர்கள் அவருக்காகக் கோஷம் போடுகிறார்கள். அது கொஞ்சம் மலிவாகத்தான் இருக்கிறது. இருபது வயதில் நான் பார்த்திருந்தால் ரே கோழையாகிவிட்டார் என்று சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது அந்த மலிவை மன்னிக்கிறேன்.

இப்ஸனுக்கும் இது தெரியாமல் இல்லை என்று கடைசிப் பக்கத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. தனித்து நிற்பவனே பலசாலி என்று டாக்டர் சொல்வதோடு திரை விழுகிறது. எல்லோருக்கும் அதுதான் நினைவிருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், அவசர அவசரமாக, இன்னொரு பேச்சு வருகிறது. ஹார்ஸ்டரின் வீட்டில், ஊர் அவரை விரோதி என்று தீர்மானித்த அதே கூடத்தில், ஒரு பள்ளிக்கூடம் வைக்கப்போகிறாராம். தெருவில் கந்தலோடு சுற்றுகிற பையன்களாகப் பார்த்துப் பிடிக்க வேண்டுமாம். முதலில் பன்னிரண்டு பேராவது வேண்டுமாம். அப்போதும் அந்தப் பையன்களை நாட்டு நாய் என்றுதான் நினைக்கிறார், அந்தக் குணம் போகவில்லை. போகட்டும். அந்தப் பன்னிரண்டு பையன்களும் முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் அவர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று இப்ஸன் எழுதவில்லை. தோல் தொழிற்சாலைப் பக்கத்தில்தான் அவர்களில் சிலருடைய வீடு இருந்திருக்கும். வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கலாம்.